கிளை நூலகக் கணினிமயம்: கருவி வாங்குமுன் தமிழ்ப் பதிவுகளைச் சீராக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நூலகவியல் பயின்ற வாசகர்கள், ஓய்வுபெற்ற நூலகர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட நூலக ஆணைக்குழு,
திருநெல்வேலி.

பொருள்: கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் கணினிமயமாக்கும்போது, கருவிகள் வாங்குமுன் நூற்பதிவுகளைச் சீராக்க நிதியும் ஆளும் ஒதுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் மக்கள் நூலக வரி கட்டுகிறார்கள். அந்தப் பணம் கணினிமயத்துக்குச் செலவாவதில் எங்களுக்கு முழு உடன்பாடு. எந்த வரிசையில் செலவாகிறது என்பதில்தான் கவலை. இத்தகைய பணிக்கு விலைப்புள்ளி கோரும்போது கணினி, ஸ்கேனர், ஆர்.எப்.ஐ.டி. வாசல் (நூலில் ஒட்டிய சில்லை உணர்ந்து மணி அடிக்கும் வாசல்) என்று கருவிப் பட்டியல் இரண்டு பக்கம் ஓடும். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் தரவு உள்ளீடு கடைசி வரியில், பதிவு ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று முடிந்துவிடும். கருவி பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பிழையாக ஏறிய 20,000 பதிவுகளைத் திருத்த வேண்டுமானால், 20,000 புத்தகங்களையும் மறுபடி அலமாரியிலிருந்து இறக்கித் தலைப்புப் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். அதற்கு எவரும் இரண்டாம் முறை நிதி தருவதில்லை.

பிழை எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு சொல் போதும். ‘ஔவையார்’ என்று தட்டச்சிட இரண்டு வழி உண்டு. ஔ என்ற ஒரே எழுத்தை இடுவது ஒன்று. ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என்று எழுதுவது மற்றொன்று. திரையில் பார்த்தால் பெரும்பாலும் வேற்றுமை தெரியாது. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒருவகையில் பதிந்த நூலை மற்றொரு வகையில் தேடும் வாசகருக்கு “பதிவு இல்லை” என்றே வரும். புத்தகம் எதிர் அலமாரியில் இருக்கும். மௌனம், கௌரவம் எல்லாம் இதே கதைதான்.

மொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ என்று மாற்றினால் ‘ஒளி’ கெடும்; கொம்பை அடுத்து ள வரும் இடங்களையும் அப்படி மாற்றினால் ‘தெளிவு’ம் கெளுத்தி மீனும் அதே வழியில் போகும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பொறுக்கி, மாற்றியதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒகரத்தைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து இடும் பிழையை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான கணினிக் குறியேற்றமான யூனிகோடின் சீராக்கம் தானே சேர்த்துவிடும். ள என்பது குறி அல்ல, தனி எழுத்து. ஆகவே ஔகாரப் பிழையை அந்தச் சீராக்கம் தொடாது.

பழைய பட்டியல்களில் சிக்கல் இன்னும் அதிகம். பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்கள் பல நூலகங்களில் உள்ளன. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. எனவே மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டால், ஆங்கிலத்தில் இருந்த பதிப்பகப் பெயர்களும் தமிழெழுத்துக் குப்பையாகிவிடும். பட்டியலை நெடுவரிசைகளாகப் பிரித்துத் தமிழ் நெடுவரிசைகளை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ரி இருக்க வேண்டிய இடத்தில் காலும் இகரக் குறியும் ஒட்டிக்கொண்டு, ‘பாரி’ என்பது ‘பாாி’ என நிற்கும். இதையும் தேடித் திருத்த வேண்டும். நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் 21-இல் ஏற்றும்போது பதிவின் தலைப்பகுதியில் 9-ஆம் இடத்தில் யூனிகோடுக்கு உரிய குறி இல்லாவிட்டால், மென்பொருள் அதைப் பழைய குறியேற்றம் என்று எண்ணித் தமிழ் முழுவதையும் சிதைத்துவிடும். முதல் 50 பதிவுகளைச் சோதனையாக ஏற்றிப் பார்க்காமல் மொத்தமாக ஏற்றக் கூடாது என்பது இதனால்தான்.

எந்த மென்பொருள் என்பதில் நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. 2000-இல் நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருளான கோஹாவுக்கு உரிமக் கட்டணம் இல்லை. தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா அரசு நூலகங்களுக்கு இலவசம். எதை எடுத்தாலும் தமிழ்த் தேடலை முதலில் சோதிக்க வேண்டும். கோஹாவின் தேடல் பொறியான ஜீப்ராவில், சொற்களைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்த இரண்டு முறைகள் உண்டு. இயல்பாக வரும் சி.எச்.ஆர். முறை தமிழுக்கு ஒத்துவராது, ஐ.சி.யு. முறைக்கு மாற்றி முழு அட்டவணையையும் மீண்டும் கட்ட வேண்டும். ஐ.சி.யு. முறையின் விதிக் கோப்பில் மேற்குறிகளை நீக்கும் வரி இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். பிரெஞ்சு எழுத்துக்கு நன்மை செய்யும் அந்த வரி, தமிழின் புள்ளியையும் ஈகாரக் குறியையும் உதிர்த்துவிடும். ‘மீன்’ என்பது ‘மன’ ஆகிப் பட்டியலில் நிற்கும்.

வரிசைப்படுத்தலையும் பாருங்கள். மணம், மரம், மலை, மழை, மனம் என்பது நம் அகராதி வரிசை. யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் னகரம் நகரத்தை ஒட்டி வந்துவிடுவதால் ‘மனம்’ ‘மரத்துக்கு’ முன்னால் போய் நிற்கும். தமிழ் வரிசை விதியை அமைப்பில் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

சந்தியும் தேடலைக் கெடுக்கும். ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்று அட்டையில் இருக்க, வாசகர் ‘நாட்டுப்புற பாடல்கள்’ என்று தேடுவார். சொல்லின் முற்பகுதியை வைத்தே தேடும் வசதியை இயக்கினால் இது பிடிபடும். வாசகர் ஒற்றோடு தேடி, அட்டையில் ஒற்று இல்லாதபோது பிடிபடாது. அத்தகைய தலைப்புகளுக்கு மார்க் வடிவின் 246-ஆம் புலத்தில் மாற்றுத் தலைப்பு ஒன்று சேர்க்க வேண்டும். ஆசிரியர் பெயருக்கும் ஒரே வடிவம் வேண்டும். வ.உ.சி., வ. உ. சிதம்பரம் பிள்ளை, சிதம்பரம் பிள்ளை வ. உ. என்று மூன்று பேராக அவர் பட்டியலில் உலவக் கூடாது. புதுமைப்பித்தனைத் தேடுபவருக்குச் சொ. விருத்தாசலம் என்ற பெயரில் பதிந்ததும் கிடைக்க வேண்டும். இதற்கான பெயர்க் கட்டுப்பாட்டுக் கோப்பை மாவட்ட அளவில் ஒரே இடத்தில் வைத்திருந்தால், ஒவ்வொரு கிளையும் தனித்தனியே மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

அடுத்தது வரவு எண், அதாவது நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் தரும் எண். ஒவ்வொரு கிளையின் வரவுப் பதிவேடும் 1-இலிருந்து தொடங்குகிறது. எல்லாக் கிளைகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்தால் 1-ஆம் எண் புத்தகம் எத்தனை கிளை உண்டோ அத்தனை இருக்கும். பார்கோடு எண் இரட்டிப்பாக வந்தால் மென்பொருள் ஏற்காது. 4 இலக்கக் கிளைக் குறியீடும் 6 இலக்க வரவு எண்ணுமாக 10 இலக்கம் வைத்தால் போதும். கோட் 128 என்னும் பார்கோடு வகை எண்களை இரண்டிரண்டாகச் சுருக்குவதால், இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் கோட்டுப்பட்டை குறுகி லேபிளில் நன்றாக அமரும். கிளைக் குறியீடு பூஜ்யத்தில் தொடங்கவே கூடாது; எக்செல் திறந்தவுடன் முன்பூஜ்யத்தை விழுங்கிவிடும். (13 இலக்க ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண்ணை அது சுருக்கிக் காட்டுவதும், அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோவதும் இந்தத் தொழிலில் தினசரித் தலைவலி.) குறியீட்டில் மாவட்ட அடையாளமும் வேண்டாம். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது போல நாளை எல்லை மாறினால், ஒட்டிய லேபிள் எல்லாம் வீணாகும்.

லேபிள் சின்ன விஷயம் போலத் தெரியும். ரிப்பன் இல்லாத நேரடி வெப்ப அச்சு லேபிள் விலை குறைவு. நம்மூர் வெயிலில், ஜன்னலோர அலமாரியில் இருந்தால் மங்கிவிடும். ரெசின் கலந்த ரிப்பனில் அச்சிட்ட லேபிள்தான் நிற்கும். புத்தகத்துக்கு இரண்டு வேண்டும்: ஒன்று பின்னட்டையில், மற்றொன்று உள்பக்கத்தில். அட்டை கிழிந்து பைண்டிங்குக்குப் போகும் புத்தகத்தை அந்த உள்லேபிள்தான் காப்பாற்றும்.

வேலை நடக்கும் முறை பற்றி. முதலில் இருப்புச் சரிபார்ப்பும் கழிவு நீக்கமும் முடிய வேண்டும். கழிக்க வேண்டிய புத்தகத்துக்குப் பதிவு எழுதிக் காசு கொடுப்பானேன்? ஐ.எஸ்.பி.என். உள்ள புது நூல்களுக்கு வேறு நூலகங்களின் பதிவை இசட் 39.50 என்னும் பதிவுப் பரிமாற்ற நெறிமுறை வழியாக இறக்கிக்கொள்ளலாம். பழைய தமிழ் நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது. முழுவதும் கையால்தான் எழுத வேண்டும். கவனமாகச் செய்பவர் ஒரு நாளைக்கு 50 பதிவு முடிப்பார் என்று வையுங்கள். 20,000 நூல் உள்ள கிளைக்கு இரண்டு பேர் என்றால் 200 வேலை நாள். மூன்று மாதத்தில் முடிக்கிறேன் என்று சொல்லும் ஒப்பந்ததாரர் அட்டையைப் பார்த்து எழுதுவார், தலைப்புப் பக்கத்தைத் திறக்க மாட்டார். ஆகவே 500 பதிவுகளை ஒரு தொகுதியாக வாங்கி, 20-க்கு ஒன்று வீதம் புத்தகத்தோடு ஒப்பிட்டு, 2 விழுக்காட்டுக்கு மேல் பிழை இருந்தால் தொகுதியையே திருப்பி அனுப்பும் விதியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டுகிறோம். சரிபார்ப்பவர் தமிழும் நூலகவியலும் தெரிந்தவராக, ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலில் இல்லாதவராக இருக்க வேண்டும்.

சர்வர் மாவட்ட அளவில் ஒன்று போதும். அது தரைத்தளத்தில் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை மீறியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒவ்வோர் இரவும் தரவுத்தளப் பிரதி எடுத்து, அதில் ஒன்று ஆற்றங்கரையை விட்டுத் தொலைவில் உள்ள வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது. களக்காடு, பாபநாசம் பக்கம் கோடை இடிமழையில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். அங்கெல்லாம் சரியான எர்த்திங்கும், யு.பி.எஸ்.-ஸும், இணைப்பு வரும்வரை இரவலையும் திருப்பலையும் குறித்துவைக்க அச்சிட்ட தாளும் தேவை.

ஆர்.எப்.ஐ.டி. இப்போதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நூலகங்களில் வழங்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் சில்லு இரும்பை ஒட்டி இருந்தால் சரியாகப் படிக்காது. நம் கிளைகளில் இருப்பதெல்லாம் இரும்பு ரேக்குகள். ஒரே நூலகர் இருக்கும் கிளையில் வாசல் மணி அடித்தாலும் எழுந்து போய்ப் பார்க்க ஆள் இல்லை. சில்லில் எழுதப்போவதும் அதே பார்கோடு எண்தான் என்பதால், பதிவு சரியாக இருந்தால் பின்னால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

உறுப்பினர் விவரத்தில் ஆதார் எண்ணைச் சேமிக்க வேண்டாம். புத்தகம் திரும்பியதும் யார் எதைப் படித்தார் என்ற குறிப்பை அழிக்கும் வசதி கோஹாவில் உண்டு. அதை இயக்கிவைக்க வேண்டும். தரவுத்தளம், நிர்வாகக் கடவுச்சொல், மார்க் வடிவில் முழுப் பிரதி ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தின் முதல் நாளிலிருந்தே ஆணைக்குழுவின் கையில் இருக்க வேண்டும்.

எனவே, அடுத்த நிதி ஒதுக்கீட்டில் பதிவுப் பணியையும் சரிபார்ப்பையும் தனித் தலைப்பில் காட்டவும், ஒரு கிளையில் 1,000 நூல்களுக்கு மட்டும் முதலில் செய்து பார்த்து, மேலே சொன்ன தேடல் சோதனைகளில் தேறிய பிறகே மற்றக் கிளைகளுக்குப் பணியாணை வழங்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்த 1,000 பதிவுகளை ஊதியமின்றிச் சரிபார்த்துத் தர எங்களில் சிலர் ஆயத்தமாக உள்ளோம்.

இடம்: திருநெல்வேலி
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)