வீட்டு விடுமுறையில் வரும் கைதிகள் பற்றி முன்கூட்டியே அறிவிக்கக் கோரும் மனு

பெறுநர்:
சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம்,
சிறைச்சாலைகள் தலைமையகம், கொழும்பு 09.

ஊடாக:
மாவட்டச் செயலாளர், திருகோணமலை.

ஐயா,

தண்டனை பெற்ற கைதிகள் சில நாட்கள் வீடு வந்து போக அனுமதிக்கும் வீட்டு விடுமுறையை நிறுத்தச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. உப்புவெளிப் பகுதியைச் சேர்ந்த எங்கள் மாதர் சங்கத்திலேயே கணவர்மார் உள்ளே இருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். பல வருடம் அடைத்து வைத்து ஒரே நாளில் வெளியே விடுவதைவிட, இடையிடையே வந்து பிள்ளைகளோடு பழகிப் போவது ஊருக்கும் நல்லதுதான். யார், எப்போது வருகிறார் என்று ஒருவருக்கும் சொல்லாமல் விடுவதுதான் எங்கள் முறைப்பாடு.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகனைக் கத்தியால் வெட்டியவர் தண்டனை அனுபவித்து வருகிறார். அவர் விடுமுறையில் வந்திருப்பது அந்த அக்காவுக்குத் தெரிந்ததே மீன் சந்தையில்தான். பக்கத்தில் நின்று பாரைக்கு விலை கேட்ட குரலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். வெட்டக் கொடுத்த மீனை அப்படியே விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கில் சாட்சி சொன்ன மகள் அந்தக் கிழமை முழுக்க டியூசனுக்குப் போகவில்லை. வந்தவர் யாரோடும் வம்புக்குப் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விதானையாரை, அதாவது கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. பொலிஸில் கேட்டால், கடிதம் ஒன்றும் வரவில்லை என்றார்கள்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கென ஒரு தேசிய அதிகாரசபையும் இருக்கிறது. சட்டம் கொழும்பில் இருக்க, தகவல் மீன் சந்தையில் கிடைப்பது என்ன நியாயம்? அதோடு, 2025 வெசாக் பொதுமன்னிப்பின்போது ஜனாதிபதி அனுமதித்த பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியே போனதும் நாடறிந்த கதை. அதற்குப் பிறகு, யாரை விட்டாலும் சனம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. ஒழுங்காக நடந்து விடுமுறை பெற்றவருக்கும் இதனால் கெட்ட பெயர்.

ஆகவே, ஒருவரை விடுமுறையில் அனுப்ப முன்னர் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் சாட்சிகளுக்கும் கிராம உத்தியோகத்தர் மூலம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்களுக்குப் பயம் இருந்தால் அதைச் சொல்ல அவகாசம் தர வேண்டும். வருபவர் எங்கே தங்குவார், எந்தப் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைப்பார், எந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்பவை அந்தக் கடிதத்தில் இருந்தால் போதும். அவர் செய்த குற்றத்தை ஊருக்குப் பறைசாற்றத் தேவையில்லை.

இன்னொன்று, கைதிகளின் குடும்பங்களுக்காக. செத்தவீட்டுக்குக் கேட்கும் அனுமதிக்கு அன்றைக்கே முடிவு சொல்லுங்கள். கொழும்பு வெலிக்கடைச் சிறையிலிருந்து திருகோணமலைக்கு வர ஒரு இரவு வேண்டும், பிரேதத்தை எத்தனை நாள் வைத்திருப்பது?

அறிவித்தல்களையும் இந்த மனுவுக்கான பதிலையும் தமிழில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசிப்பிக்க ஆள் தேடுவதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்.

இப்படிக்கு,
மாதர் சங்க உறுப்பினர்கள்,
உப்புவெளி, திருகோணமலை.