தானியத்தில் பூஞ்சண நச்சுச் சோதனையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்: சமையற்கூடப் பொறுப்பாளர், மாணவர் விடுதி.

பெறுநர்: ஆணையர் அவர்கள், உணவுப் பாதுகாப்புத் துறை.

பொருள்: விடுதிகளுக்கு வழங்கப்படும் தானியத்தில் பூஞ்சண நச்சுச் சோதனை – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விடுதிக்கு வரும் கோதுமை, மக்காச்சோள மூட்டைகளில் சில, வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தும், பிரித்துக் கொட்டும்போது நடுவில் கட்டிதட்டி, பூஞ்சணம் பூத்து, மக்கிய வாடையுடன் இருக்கின்றன. கட்டிகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை அரைவைக்கு அனுப்புவதே நடைமுறையாக உள்ளது. பூஞ்சணத்தை அகற்றினாலும் அது சுரந்த நச்சு மணிகளில் தங்கிவிடும் என்பதாலும், சமையல் சூட்டில் அதன் பெரும்பகுதி அழியாது என்பதாலும், இதைத் தொடர எனக்கு மனம் ஒப்பவில்லை.

வயலிலேயே கதிரைப் பற்றும் ஃபியூசேரியம் பூஞ்சணம் உண்டாக்கும் டிஆக்சிநிவலெனால் என்ற நச்சு குமட்டலையும் வாந்தியையும் வரவழைத்து, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதுடன், குடலின் உட்படலத்தையும் பலவீனப்படுத்துகிறது. அதே இனத்தைச் சேர்ந்த டி-2 நச்சு இன்னும் கொடியது; வாயிலும் இரைப்பையிலும் புண்ணை உண்டாக்கக்கூடியது. 1940களில் சோவியத் ஒன்றியத்தில், பனிக்காலம் முழுவதும் அறுவடையாகாமல் வயலில் கிடந்த தானியத்தை உண்டு பலர் மாண்டதற்கு இவ்வகை நச்சுகளே காரணம் எனக் கருதப்படுகிறது.

டிஆக்சிநிவலெனாலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பை உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் இணைந்த நிபுணர் குழு 2001இல் வகுத்தது. எடை குறைந்த பிள்ளைகள், பெரியவர்கள் உண்ணும் அதே அளவை உண்டால், இவ்வரம்பை முன்னதாகவே தாண்டிவிடுவர்.

உள்ளே போனபின் இந்த நச்சுக்கு மாற்றுமருந்து இல்லை. அமிலம் குறைக்கும் மாத்திரை எரிச்சலைத் தணிக்குமே தவிர நச்சை முறிக்காது. கால்நடைத் தீவனத்தில் கலக்கும் பெண்டோனைட் களிமண்கூட, அஃப்ளடாக்சின் என்ற வேறொரு பூஞ்சண நச்சைப் பிடித்துவைக்கும் அளவுக்கு இந்த நச்சைப் பிடிப்பதில்லை. ஆகவே, கிட்டங்கி வாசலிலேயே தடுப்பதுதான் வழி.

மூட்டைக்கு மூட்டை, ஒரே மூட்டையிலும் இடத்துக்கு இடம் நச்சின் அளவு வேறுபடுவதால், மேலாக அள்ளிய ஒரு கைப்பிடியைச் சோதித்துச் சான்று தருவதில் பயனில்லை. பல மூட்டைகளில் குத்தூசியை ஆழமாகச் செலுத்தி எடுத்த மாதிரிகளை ஒன்றாக அரைத்துக் கலந்து சோதிக்கவும், ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டிய தானியத்தைத் திருப்பி அனுப்பவும் ஆணையிட வேண்டுகிறேன். மேலும், உணவுக்குப்பின் பலர் ஒருசேர வாந்தியெடுக்கும்போது பாக்டீரியாவை மட்டும் தேடிவிட்டுக் கோப்பை மூடாமல், சமைக்காத மாவையும் நச்சுச் சோதனைக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமையற்கூடப் பொறுப்பாளர்