பார்க்கின்சனுக்கு மாத்திரை மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். பார்க்கின்சன் என்கிற, உடம்பு இறுகி நடை தடுமாறும் நரம்பு நோய் வந்தவரை 'விழுந்துருவீங்க, பேசாம உட்காருங்க' என்று வீட்டுக்குள் முடக்குகிறோம், உடம்பு இன்னும் இறுகிப்போகிறது. என் மாமாவுக்கு வாசல்படி அருகே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தரையில் குறுக்காக வண்ண டேப் ஒட்டி 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணச் சொன்னால் ஒவ்வொரு கோடாகத் தாண்டி நடந்துவிடுவார். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், துணைக்கு ஒருவர் நின்று, கை வீசி நடக்கவும் உட்கார்ந்து எழவும் பழக்க வேண்டும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு, கேளுங்கள். அப்புறம், தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளில் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென்றே வாரம் ஒருநாள் குழுவாகப் பயிற்சி நடத்தலாமே? தனியாகச் செய்யச் சலித்துக்கொள்பவரும் நாலு பேரோடு சேர்ந்தால் செய்வார்.

- ஒரு வாசகர், தக்கலை