கூரை என்ன நிறம் என்று முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைவினைக் கண்காட்சிகளில் ஸ்டால் போடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பொருள் நன்றாக இருந்தால் தானாக விற்றுவிடும் என்று அதில் ஒரு வரி இருந்தது. துணிப்பை தைத்து விற்கிறவள் என்ற முறையில் அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் முதல் ஸ்டாலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வெயில் அதன் வழியாக இறங்கியதில் என் மஞ்சள் பைகள் எல்லாம் பாசி படிந்த மாதிரி பச்சையாகத் தெரிந்தன. ஒரு அம்மா அந்தப் பச்சை பிடித்துப்போய் ஒரு பையை வாங்கிக்கொண்டு போனவர், வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்து, "நான் எடுத்தது இது இல்லையேம்மா" என்றார். அவர் மேல் தப்பே இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கூரை வெள்ளையாக இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

அன்று நான் செய்த தப்பும் ஒன்று உண்டு. மேஜையை வாசலில் குறுக்கே போட்டு, பைகளை மடித்து அடுக்கிவிட்டு, பின்னால் உட்கார்ந்துவிட்டேன். மேஜை உயரம் சுமார் 75 சென்டிமீட்டர்தான், நடந்து போகிறவர் குனிந்து பார்த்தால்தான் உண்டு, யார் குனிவார்கள்? அடுத்த முறை மேஜையைப் பக்கவாட்டில் தள்ளி, பின்பக்கம் கம்பிவலைத் தட்டி நிறுத்தி, பைகளைக் கண் உயரத்தில் தொங்கவிட்டேன். வந்தவர்கள் உள்ளே நுழைந்து, தாங்களே ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டி, பட்டை எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்த்தார்கள். பை தோளுக்கு வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. அப்புறம் ஒவ்வொரு பையிலும் விலைச்சீட்டு இருக்க வேண்டும், விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

காற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சொந்தக் கூடாரம் கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆக 20 லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி ஒவ்வொரு காலிலும் கட்டினால் காலுக்கு 20 கிலோ எடை கிடைக்கும். சும்மா பக்கத்தில் வைத்தால் போதாது, மேல்சட்டத்திலிருந்து கயிறு இறக்கி இறுக்கிக் கட்ட வேண்டும். கூடாரம் பறந்தால் சேதம் நம் பொருளோடு நிற்காது, பக்கத்தில் நிற்கிற குழந்தையின் மேலேயும் விழும்.

இதையெல்லாம் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். 10க்கு 10 அடி இடம் என்றால் தரையில் அதே அளவுக்குக் கோடு போட்டு, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, எதிரே நின்று ஒரு போட்டோ எடுத்தால் குறை தெரிந்துவிடும். ஆனால் இடத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் எப்படி ஒத்திகை பார்ப்பது? நான் நிரப்பிய விண்ணப்பங்களில் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் தெளிவாக இருக்கும். கூரை என்ன நிறம், தரை மண்ணா சிமென்டா, பிளக் பாயின்ட் உண்டா, ஸ்டால் எந்தத் திசை பார்த்தது, எதுவும் இருக்காது. போன முறை மேற்கு பார்த்த இடம் கிடைத்து, சாயங்கால வெயில் நேராக உள்ளே அடித்தது. முன்பே தெரிந்திருந்தால் ஒரு திரைச்சீலையாவது எடுத்துப் போயிருப்பேன். இந்த நான்கு விவரங்களையும் விண்ணப்பத்திலேயே அச்சடிக்கும்படி அமைப்பாளர்களை உங்கள் பத்திரிகை வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
துணிப்பை தைக்கும் ஒரு வாசகி