சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

2025ஆம் ஆண்டுக்கான எமது நிலையத்தின் செயற்பாட்டு அறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றேன். தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டி, சிரமதானம், நவராத்திரி விழா ஆகியன வழமைபோல் நடைபெற்றன. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் தடையின்றி வந்தன.

சனிக்கிழமைகளில் நான் நடத்திவரும் சட்டத் தகவல் மேசை பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற அனுமதிக்க வேண்டும். “வெளிநாட்டுக் காசில் நீதிமன்றங்களைத் திருத்துகிறார்கள், அதில் எங்கள் நிலையத்துக்கு என்ன வேலை?” என்று கடந்த பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு அன்று விடை கூற நேரம் கிடைக்கவில்லை.

இலங்கையின் சட்ட, நீதித்துறைச் சீர்திருத்தத்துக்கென 2000ஆம் ஆண்டில் உலக வங்கி 1 கோடி 82 இலட்சம் டொலர் ஒதுக்கியது. நீதிபதிகளுக்கான பயிற்சி, சட்டத் திருத்தம், கம்பனிப் பதிவகத்தைக் கணினிமயமாக்கல் முதலியவை அதில் அடங்கின. அது நன்கொடையன்று, நீண்ட தவணையில் நாம் அனைவரும் திருப்பிச் செலுத்தும் கடன். கடனைக் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பணத்தால் என்ன கிடைத்தது என்று கேட்கும் உரிமை உண்டு. அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டுப் பதினாறாவது திருத்தத்துக்குப் பின் வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழாக இருந்தும், சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட அலுவலகக் கடிதத்துடன் எமது மேசைக்கு ஆட்கள் வருகிறார்கள். கணினிகளுக்கு முன்பாக மொழிபெயர்ப்பாளர்களுக்கே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாட்டு நிதி எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்க 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளுக்கு, அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட ஆசியா மன்றம் (Asia Foundation) என்ற தொண்டு நிறுவனம் தொடக்கம் முதலே பயிற்சி உதவி அளித்து வந்துள்ளது. சட்டம் எமது நாட்டுடையது, மத்தியஸ்தர்கள் ஊரில் மதிப்புள்ள தொண்டர்கள், அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் நடப்பவை என்பதால் அது வேரூன்றியது. இந்த ஆண்டு வேலி எல்லைப் பிணக்கு ஒன்றில் மத்தியஸ்த சபையின் அழைப்புக் கடிதம் பெற்ற ஒரு தாயார், அதை நீதிமன்றக் கட்டளை என எண்ணி இரண்டு நாள் உறங்காமல் இருந்துவிட்டு என்னிடம் வந்தார். அங்கே சட்டத்தரணிகள் வாதாட மாட்டார்கள், தண்டனை கிடையாது, இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம் என்று கடிதத்தை வரிவரியாக வாசித்து விளக்கினேன். வேலி விடயம் இணக்கத்தில் முடிந்தது. இந்த மேசைக்கு நிலையம் செலவிட்டது நிழற்பிரதிக் காசு மட்டுமே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2022இல் தொடங்கிய நீதித்துறை ஆதரவுத் திட்டத்தை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் சிறுவர் நிதியமும் நீதி அமைச்சுடன் சேர்ந்து நடத்தி வந்துள்ளன. மறுபுறம், இந்நாட்டின் நீதித்துறை வேலைகளுக்கும் உதவிய அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி 2025 ஜனவரி 20இல் ஒரே உத்தரவில் நிறுத்தி வைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பிய வேலைக்கு என்ன நேரும் என்பதை இந்த ஆண்டு கண்ணால் கண்டோம்.

எமது நிலையத்தின் நிலையும் இதுதான் என்பதை வருத்தத்துடன் பதிகின்றேன். வாசிகசாலைக் கூரை புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்தில் திருத்தப்பட்டது. ஆனால் உள்ளூரில் இருக்கும் அங்கத்தவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலரது நிலுவை மூன்று ஆண்டுகளுக்குரியது. மேசைக்கு முறைவைத்து வருவதாகக் கை உயர்த்தியவர்களுள் ஒருவர் இரண்டு வாரம் வந்தார், ஏனையோர் வரவில்லை. மழைக்காலச் சனிக்கிழமைகளில் நான் தனியாக அமர்ந்திருந்தேன். நிர்வாக சபைக் கூட்டங்கள் இரண்டு, போதிய உறுப்பினர் வராததால் (கோரமின்றி) ஒத்திவைக்கப்பட்டன.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக உள்ளன; கையிருப்பு சிறிதளவே. விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கிராம உத்தியோகத்தர், மாதர் சங்கத்தினர், பத்திரிகைகளை அன்பளிப்புச் செய்தோர், எம் மேசையில் இலவச ஆலோசனை வழங்கிய சட்டத்தரணி ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டிலும் இம்மேசையை நடத்த விரும்புகின்றேன். மத்தியஸ்த சபை, வசதியற்றோருக்குச் சட்ட உதவி வழங்கும் அரச அமைப்பான சட்ட உதவி ஆணைக்குழு ஆகியவற்றை நாடும் முறையைத் தமிழில் விளக்கும் ஒரு சிறு துண்டுப்பிரசுரத்தை எழுதி முடித்துள்ளேன். அச்சிடுவதற்கு வெளிநாட்டு உறவுகளிடம் மீண்டும் கை நீட்ட எனக்கு மனமில்லை. சந்தாப் புத்தகம் இன்று நுழைவாயில் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை முறைப் பட்டியலும் அதனருகிலேயே இருக்கிறது. இரண்டு பேராவது பெயர் எழுதினால், அடுத்த சனிக்கிழமையே அவர்களுடன் அமர்ந்து வேலையைச் சொல்லிக் கொடுப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்