காப்பர்னா கலரா, செம்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க தீபாவளி சிறப்பிதழ்ல இந்த வருஷம் காப்பர் கலர் சேலைதான் ட்ரெண்டுன்னு ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீங்க, படமெல்லாம் அழகுதான், ஆனா எது காப்பர்னு ஒரு வரி கூட இல்ல. நான் பினாங்குல ப்ளவுஸ் தைக்கிறவ, இந்த கலருக்கு மேட்சிங் துணி தேடி லெபோ பாசார் கடைங்க முன்னாடி அஞ்சடி நடைபாதையில அலையறதே பொழப்பா போச்சு, அதான் எழுதுறேன்.

புளி போட்டு இப்பதான் தேச்ச செம்புக் குடம் லேசா ஆரஞ்சு அடிக்கும், அதையே அப்படியே விட்டு வச்சா கருஞ்சிவப்பா மங்கிடும், ரெண்டுமே காப்பர்தான். கடைங்கள்ல ரஸ்ட், ப்ரான்ஸ், ரோஸ் கோல்ட் எல்லாத்தையும் அதே அடுக்குல போட்டுடுறாங்க. ரஸ்ட்டு துருவோட நிறம், அதுல பளபளப்பே கிடையாது. ப்ரான்ஸ் வெண்கலம், கொஞ்சம் மஞ்சப் பக்கம் சாயும். ரோஸ் கோல்ட் தங்கத்துல செம்பு தூக்கலா கலந்தா வர்ற ரோசு (நாம போடுற 916, அதான் 22 காரட் தங்கத்துலயும் பெரும்பாலும் கொஞ்சம் செம்பு இருக்கும்). இது பத்தாதுன்னு காப்பர் சல்பேட் கலர்னு ஒன்னு, அது மயில்துத்த நீலம், காப்பர்னு போன்ல சொல்லிட்டு அது வந்து நிக்கிறப்ப முழிக்கிறவங்க எத்தன பேரு!

பாவு (நீள நூல்) ஒரு கலர் ஊடை (குறுக்கு நூல்) வேற கலர்னு நெய்ஞ்ச பட்டா இருந்தா இன்னும் வம்பு, கைத்துணிய குறுக்க வெட்டிட்டா உடம்பு ஒரு ஷேடு கை ஒரு ஷேடுன்னு தெரியும், அதனால துணி கொஞ்சம் கூடத்தான் வாங்கணும், கஞ்சத்தனம் பாத்தா ஆகாது.

என் முக்கியமான கோவம் காப்பர் ஜரி மேலதான். டிக்டாக் லைவ்ல "ஒரிஜினல் காப்பர் ஜரி அக்கா"ன்னு கூவுறாங்க, அதுல நெறைய நிறம் மட்டும்தான் காப்பர், நூலு பாலியெஸ்டர். முந்தானை ஓரத்துல ஒரு இழைய உருவி நெருப்புக்குச்சியில காட்டுங்க, சுருண்டு உருண்டையாச்சுன்னா பிளாஸ்டிக். நெசமான செம்புக் கம்பி ஜரியும் இருக்கு, சூரத்துல செம்புக் கம்பிக்கு மேல முலாம் பூசிப் பண்றாங்க, அது தங்க ஜரிய விட மலிவு, ஆனா ஈரமும் வேர்வையும் பட்டா கறுத்துடும், நம்ம ஊரு வெக்கைக்கு கேக்கவா வேணும். பிளாஸ்டிக் கறுக்காது, சொல்லப்போனா தினம் கட்டிக்க அதுவே தேவலாம், ஆனா அதுக்கு செம்புக் கம்பி விலை எதுக்கு?

அடுத்த தடவை சேலை விளம்பரம் வாங்கிப் போடுறப்ப, ஜரி செம்பா வெறும் கலரான்னு ஒரு வார்த்தை சேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு