ஆடிச் சாரலில் அம்பை வழிப் பயணம்

அனைவருக்கும் வணக்கம். ஆடி இரண்டாவது சனிக்கிழமை காலை 6 மணிக்கு நெல்லையிலிருந்து கிளம்புகிறோம். தென்காசிக்கு ஆலங்குளம் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் நாம் அம்பை, அதாவது அம்பாசமுத்திரம் வழியாகச் சுற்றித்தான் போகிறோம். அந்த வழியில்தான் கூடவே வயலும் வாய்க்காலும் மலையும் வரும்.

முதலில் பத்தமடை. கோரைப்பாய் நெய்யும் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்போம். நல்ல பட்டுப்பாயைத் தொட்டுப் பாருங்கள், துணி போலக் கையில் வழுக்கும். அப்புறம் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க நிறுத்தம்.

பாபநாசத்தில் தாமிரபரணிக் குளியல், கோயில், கட்டுச்சோறு. போன வருடம் படித்துறையில் இறங்கியபோது யாரோ ஆற்றில் விட்ட சேலை என் காலில் சுற்றிக்கொண்டது, மனசே கனத்துவிட்டது. அதனால் தயவுசெய்து சோப்பு, ஷாம்பு வேண்டாம். துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள்.

மதியத்துக்கு மேல் ஆழ்வார்குறிச்சி, கடையம். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். பாரதி 1918 முதல் 1920 வரை இருந்த இடம். அங்கே அவசரப்பட வேண்டாம். வெயில் சாய்வதற்குள் சுந்தரபாண்டியபுரம் சேர்ந்தால் சூரியகாந்தி பூத்திருக்க வாய்ப்புண்டு. படம் எடுங்கள், ஆனால் வரப்போடு நில்லுங்கள், செடியை மிதித்தால் நஷ்டம் விவசாயிக்கு.

இரவு தென்காசியில் தங்கல். குற்றாலம் மறுநாள் காலை, தண்ணீர் வரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வருகிறவர்கள் புதன்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள். குடையும் மாற்றுத்துணியும் மறக்க வேண்டாம்.